ஓசூர் ரோட்டில் ஒரு சொட்டு ரத்தம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அத்திப்பள்ளி தாண்டி, சந்தாபுரா டிராஃபிக்கில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் பொம்மசந்திரா. இன்னும் கொஞ்சம் போனால் எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே முகத்தைப் பார்த்து யாரும் யாரையும் அடையாளம் காண்பதில்லை. கழுத்தில் தொங்கும் டேக்தான் ஆள். டேக்கை வீட்டில் மறந்துவிட்டு வந்தால், வைஸ் பிரசிடெண்டாகவே இருந்தாலும் செக்யூரிட்டி அண்ணன் "சைடுல நில்லுங்க சார்" என்பார்.

நம் ரத்தத்துக்குள்ளும் இதே நிலவரம்தான். வெள்ளணுக்கள் எல்லாம் டேக் மாட்டிக்கொண்டுதான் உலவுகின்றன. சிடி3 டேக் இருந்தால் அது டி செல். கூடவே சிடி4 இருந்தால் உத்தரவு போடும் சூப்பர்வைசர். சிடி8 இருந்தால் போட்டுத்தள்ளும் அடியாள். சிடி19 என்றால் பி செல், ஆன்டிபாடி டிபார்ட்மெண்ட். புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே ஏவிவிடும் சிகிச்சை) கொடுப்பவர்கள் ஒரு ட்யூப் ரத்தத்தை எடுத்து, எந்த டேக்கில் எத்தனை பேர் ட்யூட்டிக்கு வந்திருக்கிறார்கள் என்று அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள். மருந்து லட்சங்களில் விற்கும்போது, ஆள் வந்திருக்கிறானா என்றாவது பார்க்க வேண்டாமா?

இவ்வளவு நுணுக்கமான சமாச்சாரத்தை ஏதோ ரிஷிகள் மாதிரி விஞ்ஞானிகள் உட்கார்ந்து, திட்டம் போட்டுக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று கும்பிடக் கிளம்பிவிடாதீர்கள். இந்தக் கதையில் ஒரு ரோஜா முள் வருகிறது. சர்க்கஸ் குரங்கு வருகிறது. கோழிக்குஞ்சும் சிகரெட் பாக்கெட்டின் கண்ணாடித்தாளும் வருகின்றன. பெங்களூர் என்பதால் பீரும் வருகிறது.

ரத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பெங்களூர்வாசிகளில் மூத்தவர் ரொனால்டு ராஸ். 1883இல் இங்கே ராணுவ டாக்டர், வயது 26. பங்களாவில் கொசுத் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்து, தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்தது. அடடா, மெஸ்ஸிலும் இதையே செய்யலாமே என்று அங்கிருந்த அட்ஜுடண்ட்டிடம் போனால், அவர் முடியாது என்றுவிட்டார். கொசுவை ஒழிப்பது இயற்கையின் ஒழுங்கைக் குலைக்கும் வேலையாம்! தொட்டியைக் கழுவச் சொன்னால் தத்துவம் பேசும் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செகரட்டரிகளின் பரம்பரை, பெங்களூரில் அன்றே வேர்விட்டிருக்கிறது.

ராஸ் மட்டும் என்ன, சளைத்தவரா? மலேரியாக் கிருமியை ரத்தத்திலேயே பார்த்தேன் என்று லாவெரான் என்பவர் 1880இல் சொன்னதை அவர் நம்பவில்லை. தானும் தேடினார். கிடைக்கவில்லை. ‘எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே இல்லை’ என்கிற தொனியில் கட்டுரையே எழுதினார். 1894இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டிய பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் நாவல்களும் எழுதினார். அவற்றுக்காக யாரும் எந்தப் பரிசும் தரவில்லை.

ராஸ் ரத்தத்தில் பார்த்தது எதிரியை. உள்ளே இருக்கும் போலீஸைப் பார்த்தவர் வேறொருவர். இலியா மெச்னிகாஃப், ரஷ்யர், 1882இல் இத்தாலியின் மெசினாவில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அன்று வீட்டில் எல்லோரும் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். குரங்குகள் பிரமாதமாக வித்தை காட்டுகின்றனவாம். இவர் போகவில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் செல்கள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. தோட்டத்தில் போய் ரோஜா முள்ளை ஒடித்துவந்து அந்தக் குஞ்சின் உடம்பில் குத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால், விபத்து நடந்த இடத்தில் நம் ஊர் ஜனங்கள் கூடுவதுபோல முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டம். நோய் எதிர்ப்புக்கு ஆதாரம் செல்களே என்ற கொள்கை பிறந்தது. குரங்கு வித்தை நன்றாக இருந்ததா என்று அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.

அந்தப் பக்கம் ஜெர்மனியில் பால் எர்லிக். விரல் பத்தும் பத்து நிறம். நாளைக்கு 25 சுருட்டு. சாயப்பட்டறைச் சாயங்களையெல்லாம் ரத்தத்தின் மேல் கொட்டிப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. ராபர்ட் காக் ஒருமுறை லேபைப் பார்க்க வந்தபோது, “அது குட்டி எர்லிக், சாயம் ஏற்றுவதில் கெட்டி, ஆனால் பரீட்சை மட்டும் பாஸ் பண்ண மாட்டான்” என்று மாணவரை அறிமுகப்படுத்தினார்களாம். அந்தப் பையன் ஏற்றிய சாயத்தை வைத்துத்தான் வெள்ளணுக்கள் ரகம் பிரிந்தன. இயோசின் சாயத்தைப் பிடித்தால் இயோசினோஃபில். நியூட்ரல் சாயத்தைப் பிடித்தால் நியூட்ரோஃபில். கல்யாண வீட்டில் பெயர் தெரியாத அத்தையை ‘அந்தப் பச்சைப் புடவை’ என்போமே, அந்த முறைதான். நூற்று நாற்பது வருஷமாகியும் உங்கள் பிளட் ரிப்போர்ட்டில் அத்தை இன்னும் பச்சைப் புடவையாகவே இருக்கிறார்.

செல்லா (மெச்னிகாஃப் கட்சி), ரத்தத் திரவத்தில் கரைந்திருக்கும் சரக்கா (எர்லிக் கட்சி), எது நம்மைக் காப்பாற்றுகிறது என்று இரண்டு கோஷ்டியும் வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டன. நோபல் கமிட்டி 1908இல் நாட்டாமை பாணியில் தீர்ப்பு சொன்னது: பரிசு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. எர்லிக் மறுவருஷமே, உடம்பில் அடிக்கடி புற்றுநோய் முளைக்கப் பார்க்கிறது, எதிர்ப்புச் சக்திதான் அதைக் கிள்ளி எறிகிறது என்று ஒரு யோசனையைச் சொல்லிவிட்டுப் போனார். மெச்னிகாஃபோ, தயிர் சாப்பிட்டால் நீண்டநாள் வாழலாம் என்று பிரசாரத்தில் இறங்கிவிட்டார். தயிர்சாதத்தின் பெருமையைச் சொல்ல ரஷ்யாவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது பாருங்கள்.

எர்லிக் சொல்வதற்கு முன்பே நியூயார்க்கில் ஒருவர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வில்லியம் கோலி, இளம் சர்ஜன். 1891 ஜனவரியில், கையில் சார்கோமா என்ற புற்றுநோய் வந்த ஒரு இளம்பெண் அவர் கண்ணெதிரே இறந்துபோனாள். தூக்கம் போய்விட்டது. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார். ஃபிரெட் ஸ்டைன் என்று ஒரு ஜெர்மானியர். கழுத்தில் கட்டி, ஆபரேஷனில் தீரவில்லை, டாக்டர்கள் கைவிட்டார்கள். அக்கிப்புண் மாதிரி ஒரு தோல் தொற்று வந்து காய்ச்சல் கொளுத்தியது. காய்ச்சல் இறங்கியபோது கட்டியும் காணோம்! கோலி அந்த ஆளைத் தேடி நியூயார்க்கின் குடியேறிகள் பேட்டையில் தெருத்தெருவாக அலைந்து, உயிரோடு கண்டுபிடித்தார். ஃபாலோ-அப் என்றால் இன்று நமக்கு எஸ்எம்எஸ் வருகிறது. அவர் காலில் நடந்தார்.

அப்புறம் அவர் செய்ததைக் கேட்டால் எந்த எத்திக்ஸ் கமிட்டியும் மயங்கி விழும். நோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமியை ஏற்றினார். உயிருள்ள கிருமி சில சமயம் ஆளையே முடித்துவிட்டதால், பிறகு செத்த கிருமிகளின் கலவைக்கு மாறினார். ‘கோலியின் நஞ்சுகள்’ என்று பெயர். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்கு இல்லை. யாருக்கு வேலை செய்யும், எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது? அவரிடம் இருந்த ஒரே கருவி தெர்மாமீட்டர். காய்ச்சல் ஏறினால் மருந்து வேலை செய்கிறது, ஏறாவிட்டால் இன்னொரு டோஸ். உலகின் முதல் இம்யூனோதெரபி மார்க்கர், நம் பாட்டி புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாரே, அதேதான்.

சரி, டி செல், பி செல் என்கிறோமே, அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன? டி என்பது தைமஸ். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பி. வயசாக ஆகச் சுருங்கிவிடும், ஆகவே ரிட்டையர்ட் கேஸ் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜாக் மில்லர் என்பவர் 1961இல், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். எதிர்ப்புச் சக்தியே படுத்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் லேசில் ஒப்புக்கொள்வார்களா? பீட்டர் மெடாவர், 1960இல் நோபல் வாங்கியவர், எதிர்ப்பியலின் சக்ரவர்த்தி. தைமஸில் லிம்ஃபோசைட்டுகள் (டி, பி செல்களின் குடும்பப் பெயர்) இருப்பது பரிணாமத்தில் நேர்ந்த தற்செயல், அதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி எழுதிவைத்தார். 1963இல் அச்சேறியது. இன்று அந்தத் தற்செயலை எண்ணித்தான் லேப்கள் பில் போடுகின்றன.

பி செல்லின் கதை இதைவிட அமர்க்களம். பறவைகளின் பின்பக்கத்தில் ஃபாப்ரிசியஸ் பை என்று ஒரு உறுப்பு உண்டு. ஆங்கிலத்தில் ‘பர்சா’, பி என்பது அதுதான். அமெரிக்காவின் ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், வாத்தை அறுக்கும்போது “சார், இது என்ன?” என்று கேட்டார். “நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி” என்றார் பேராசிரியர். (தெரியாததை மறைக்க வாத்தியார்கள் பயன்படுத்தும் வாக்கியம் உலகமெங்கும் ஒன்றுதான்.) கிளிக்கும் கோழிக்குஞ்சுகளின் பையை வெட்டிவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் தின்றன, வளர்ந்தன. ஆராய்ச்சி அம்பேல்.

அந்த நேரத்தில் டிமதி சாங் என்ற நண்பருக்கு வகுப்பில் செய்துகாட்டக் கோழி தேவைப்பட்டது. கிருமியை ஊசியாகப் போட்டால் ஆன்டிபாடி உண்டாகும் என்று பையன்களுக்குக் காட்ட வேண்டும். சும்மா கிடந்த கிளிக்கின் கோழிகளை வாங்கிப்போனார். ஊசி போட்டார். ஆன்டிபாடி வரவே இல்லை. வகுப்பில் மானம் போயிற்று. நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது: பையில்லாத கோழிக்கு ஆன்டிபாடி செய்யத் தெரியவில்லை! ஓடிப்போய் ‘சயின்ஸ்’ இதழுக்கு எழுதினார்கள். அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ என்ற கோழிப்பண்ணைப் பத்திரிகையில் வெளிவந்தது. இம்யூனாலஜிஸ்டுகள் கோழிப்பண்ணைப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதில்லை என்பதால், அடுத்த சில வருஷங்களுக்குச் செய்தி கோழிகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எண்ணுவது எப்படி என்பது அடுத்த தலைவலி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை இடுக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் வாலஸ் கோல்ட்டர் என்ற எலக்ட்ரிக்கல் ஆசாமி, சொந்தமாக நோண்டிக்கொண்டிருந்தார். சிகரெட் பாக்கெட்டின் மேலே சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளில் சூடான ஊசியால் ஒரு ஓட்டை. ஓட்டை வழியே ரத்தத்தை ஒவ்வொரு செல்லாக விட்டால், ஒவ்வொன்றும் கடக்கும்போது மின்சாரம் ஒரு துள்ளு துள்ளும். துள்ளலை எண்ணினால் செல் கணக்கு வந்துவிடும். பேட்டண்ட் வாங்கப் போனால், ஓட்டைக்கெல்லாம் பேட்டண்ட் கிடையாது என்று வக்கீல்கள் கையை விரித்தார்கள். 1953இல் அந்த ஓட்டைக்குப் பேட்டண்ட் கிடைத்தது. சிகரெட்டால் மனித குலத்துக்கு விளைந்த ஒரே நன்மை, அதன் பாக்கெட்டில்தான் இருந்திருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்ஸன்பெர்க்குக்கோ கண் வலி. ஒளிரும் செல்களை இருட்டறையில் எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போய், இதற்கொரு மெஷின் இருக்காதா என்று தேடினார். அணுகுண்டு செய்த லாஸ் ஆலமோஸில் மாக் ஃபுல்வைலர் என்பவர் 1965இல் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். இங்க்ஜெட்டில் மைத்துளி பறக்கும் அதே தந்திரம். மைக்குப் பதில் செல். ஹெர்ஸன்பெர்க் அதன் வரைபடங்களை வாங்கிவந்து, ஒளிரும் சாயத்தைக் கண்டு பிரிக்கும்படி மாற்றினார். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று இன்று ஆஸ்பத்திரிகள் பெருமையாகக் காட்டும் மெஷினின் ஜாதகம் இதுதான்: அப்பா பிரிண்டர், தாய்மாமன் அணுகுண்டு.

மெஷின் வந்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே டேக்கை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். இனி சுபம் என்கிறீர்களா? அங்கேதான் மனித சுபாவம் உள்ளே வருகிறது. ஒவ்வொரு லேபும் தான் பார்த்த டேக்குக்குத் தன் பெயரை வைத்தது. ஒருவர் ஓகேடி4 என்றார். அதில் உள்ள ‘கே’ கண்டுபிடித்த குங் என்பவருடைய இனிஷியல். இன்னொருவர் லியூ3 என்றார். மற்றொருவர் டி4 என்றார். மூன்றும் ஒரே சரக்கு! ஒரே முருகனைப் பழனியில் தண்டாயுதபாணி, திருத்தணியில் சுப்பிரமணியன் என்கிறோம் என்றால் அதில் பக்தியாவது இருக்கிறது. 1982இல் பாரிஸில் எல்லோரையும் உட்காரவைத்து, சொந்தப் பெயர் யாருக்கும் கிடையாது, இனி நம்பர்தான் என்று முடிவு செய்தார்கள். அதுதான் சிடி. இப்போது 370ஐத் தாண்டிவிட்டது. ஜெயிலில்கூடக் கைதிக்கு நம்பர் கொடுத்தபின் பெயர் சண்டை ஓய்ந்துவிடும். பிடி-1 என்ற பெயர் மட்டும் இன்னும் வம்பு பண்ணிக்கொண்டிருக்கிறது.

என்ன வம்பு? கியோட்டோவில் டசுகு ஹோன்ஜோவின் லேபில் 1992இல், செல் தற்கொலைக்கான ஜீனைத் தேடும்போது அகப்பட்டது அது. ஆகவே ‘புரோகிராம்டு டெத்’ என்று பெயர். பிறகு பார்த்தால் தற்கொலையே இல்லை, டி செல்லை அடக்கி வைக்கும் பிரேக். ஆனால் நம்பர் சிடி279 வந்தபிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ‘குண்டன்’ என்று கூப்பிட்ட பையன் ஒல்லியாகி ஐஏஎஸ் ஆனாலும் குண்டன்தானே? அமெரிக்காவில் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கைப் பிடித்த ஜேம்ஸ் ஆலிசன் மவுத்ஆர்கன் வாசிப்பவர். இம்யூனாலஜிஸ்டுகளைச் சேர்த்து ‘தி செக்பாயின்ட்ஸ்’ என்று பேண்டே வைத்திருக்கிறார். 2018இல் இருவருக்கும் நோபல்.

பிரேக்கை விடுவித்தால் டி செல் பாய்ந்து புற்றைப் போட்டுத்தள்ளும். ஆனால் எல்லோருக்கும் இல்லை. கோலியின் பழைய கேள்வியே திரும்ப வந்து உட்கார்ந்தது: யாருக்கு? அதற்குத்தான் ரத்தத்தில் ஜாதகம் பார்க்கிறார்கள். ஹைதராபாத்தில் பிறந்து உஸ்மானியாவில் படித்து அட்லாண்டா போன ரஃபி அகமது குழு, 2017இல் நுரையீரல் புற்றுநோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தது. மருந்து போட்ட நாலு வாரத்துக்குள் பிடி-1 டேக் மாட்டிய சிடி8 அடியாட்கள் ரத்தத்தில் பெருகினால், பெரும்பாலும் நல்ல சகுனம். சூரிக் குழு ஒன்று 2018இல், மருந்துக்கு முன்பே மோனோசைட் என்ற இன்னொரு ரகம் நிறைய இருந்தால் நல்லது என்றது. இன்னும் எத்தனையோ பொருத்தங்கள் சொல்கிறார்கள். பத்துக்கு எட்டு பொருந்திய கல்யாணம் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். டாக்டர்களுக்கும் தெரியும், அதனால் ஸ்கேனையும் கூடவே எழுதிக் கொடுக்கிறார்கள்.

இருப்பதில் மலிவான ஜோசியம் எது தெரியுமா? நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுப்பது. விகிதம் எகிறியிருந்தால் பொதுவாகப் பலன் சுமார். முச்சந்தி லேபில் எடுக்கும் சாதாரண ரத்த டெஸ்ட்டே போதும். லேசரும் கம்ப்யூட்டரும் வந்து என்ன, நம்ம பச்சைப் புடவை அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து இன்னும் குடும்ப விவகாரத்துக்குத் தீர்ப்பு சொல்கிறார்.

ரத்தம் சொல்லியும் பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்றும் உண்டு. பிடி-1 பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப் மருந்தின் ஆரம்பப் பரிசோதனைகளில், டி செல்களின் பிடி-1 டேக் எவ்வளவு மருந்தால் மூடப்படுகிறது என்று ரத்தத்தில் அளந்தார்கள். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் போட்டாலும் 10 மில்லிகிராம் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எவர்சில்வர் டம்ளர் நிறைந்தபிறகு குடத்தைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? தரைதான் நனையும். ஆனாலும் மார்க்கெட்டுக்கு வந்த டோஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராம். மும்பை டாடா மெமோரியலில் விஜய் பாட்டில், குமார் பிரபாஷ் குழுவினர் துணிந்து, தலை கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், இதையும் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். முடிவு 2022இல் வெளிவந்தது. டம்ளரால் குடிப்பது நமக்குப் பழக்கம் என்பதால் நமக்குத் தோன்றியிருக்கிறது.

பீர் எங்கே என்று கேட்கிறீர்கள். வருகிறேன். பெங்களூரில் பிறந்த கிரண் மஜும்தார், ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் பீர் காய்ச்சப் படித்து 1975இல் தேறினார். அப்பாவும் அதே தொழில். ஊருக்குத் திரும்பினால், பீர் காய்ச்சும் வேலைக்குப் பெண்ணா என்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். 1978இல் ஒரு கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலில் பயோகான் ஆரம்பமானது. சரக்கு? பப்பாளிப் பாலிலிருந்து ஒரு என்ஸைம், பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து ஒரு பசை. அந்தக் கம்பெனிதான் கியூபாக்காரர்களோடு சேர்ந்து உருவாக்கி, சிடி6 டேக்கைப் பிடிக்கும் இடோலிசுமாப் மருந்தை 2013இல் சோரியாசிஸுக்குக் கொண்டுவந்தது. அன்று யாராவது ஒரு முதலாளி பெரிய மனசு பண்ணி வேலை கொடுத்திருந்தால், இந்தியாவுக்கு ஒரு நல்ல பீர் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அதே அம்மையாரும், புற்றுநோயின் சரித்திரத்தை எழுதிய சித்தார்த்த முகர்ஜியும் இன்னும் சிலரும் 2019இல் தொடங்கியது இம்யூனீல். இடம், நம்ம பொம்மசந்திரா, நாராயணா ஹெல்த் சிட்டி. வித்தை பார்சிலோனாவில் வாங்கியது. நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, சிடி19 டேக்கைக் கண்டால் விடாதே என்று ட்ரெயினிங் கொடுத்து, பெருக்கி, திரும்ப ஏற்றுகிறார்கள். கார்-டி என்று பெயர். 2025 ஜனவரியில் ‘கார்டெமி’ என்று சந்தைக்கு வந்தது. மும்பையில் ஐஐடியும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய அண்ணன் ஒன்று 2023 அக்டோபரிலேயே அனுமதி வாங்கிவிட்டது.

இந்தச் சிகிச்சையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது சகுனத்துக்கு அல்ல, ரசீதுக்கு. புற்றான பி செல்லுக்கும் ஒழுங்கான பி செல்லுக்கும் ஒரே டேக். டி செல்லுக்கு நல்லவன் கெட்டவன் பேதம் தெரியாது. டேக்கைப் பார்த்தால் அடிதான். ஆகவே ரிப்போர்ட்டில் சிடி19 பூஜ்யம் என்று வந்தால், அடியாள் உள்ளே சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று டாக்டருக்குச் சந்தோஷம். சில மாதத்திலேயே பி செல்கள் மறுபடி தலைகாட்டினால் டாக்டர் முகம் மாறும். காணாமல் போனதற்கு ஸ்வீட் கொடுத்து, திரும்பி வந்ததற்குக் கவலைப்படும் ஒரே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் இதுவாகத்தான் இருக்கும்.

மெஷினைக் குறை சொல்லக் கூடாது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கான செல்களை வரிசையில் விட்டு, ஒவ்வொன்றின் டேக்கையும் படித்து, நம்பர் பிசகாமல் சொல்லிவிடுகிறது. ரிப்போர்ட் வாங்கும் கவுண்டரில்தான் கதை வேறு. பெயர் எம்.கே. முருகேசன் என்று நாம் எழுதிக் கொடுத்திருப்போம். ‘சர்நேம் காலம் காலியா இருக்கு சார்’ என்று அப்பா பெயரைக் கேட்டு வாங்கி அதில் போட்டுக்கொள்வார்கள். மைக்கில் கூப்பிடுகிறார்கள்: “மிஸ்டர் கந்தசாமி! மிஸ்டர் கந்தசாமி! கந்தசாமி யாரு ரீ?” யாரும் எழுந்திருக்கவில்லை. கந்தசாமி போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷமாகிறது. முருகேசன், தன் டோக்கன் எப்போது வரும் என்று மூன்றாவது வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.